மாடி வீட்டு ஷவரில் தண்ணீர் நூலாக வந்தால் என்ன செய்வது?

வேலூருக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து, சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ பாகாயத்திலோ ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. குளியலறையின் கீழ்க்குழாயில் பக்கெட் ஒழுங்காக நிறைகிறது. ஷவரைத் திறந்தால் மட்டும் தண்ணீர் நூல் நூலாக இறங்குகிறது. கீசரைப் போட்டு வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் அந்த நூலும் அறுந்து சொட்டாகிவிடுகிறது. இதுவரை ஒரு குழாயைக்கூடக் கழற்றிப் பார்க்காதவர்கள், இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதைத் தாங்களே கண்டுபிடிக்கவும், முடிந்தவரை தாங்களே சரிசெய்யவும், பிளம்பரை அழைக்க வேண்டிய இடத்தில் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் உதவும் வகையில் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று தெரியும்வரை எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். சத்துவாச்சாரியில் நான் குடியேறிய மாடி வீட்டில் இதே குறை இருந்தபோது, முதலில் எட்டு அங்குல அகலமுள்ள பெரிய ஷவர் ஒன்றை வாங்கி மாட்டினேன். தண்ணீர் முன்பைவிடக் குறைவாக வந்தது. அடுத்து வந்த பிளம்பர் குளியலறை வாசலில் நின்றபடியே, "ஒரு பிரஷர் பம்ப் போட்டா எல்லாம் சரியாப் பூடும் சார்" என்றார். பம்புக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்த நாளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மொட்டை மாடிக்கு வந்து, டேங்குக்கு அடியிலிருந்த பழைய கேட் வால்வின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். அது எந்த இடத்திலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "சக்கரம் சுத்துது தம்பி, உள்ள தகடு எழும்பல" என்றார். வால்வின் தண்டு உள்ளே முறிந்து, அடைப்புத் தகடு பாதியில் இறங்கி நின்றிருந்தது. அதைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குப் புதிய பால் வால்வு ஒன்றைப் போட்ட அன்றே ஷவரில் தண்ணீர் பொழிந்தது. பம்ப் வாங்கியிருந்தால் அதுவும் அந்த முறிந்த தகட்டின் இடுக்கு வழியாகத்தான் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்திருக்கும்.

உயரம்தான் வேகம்

நம் ஊர் வீடுகளில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் நேராக ஷவருக்கு வருவதில்லை. பாலாற்றுத் தண்ணீரோ, காவிரிக் கூட்டுக் குடிநீரோ, போர்த் தண்ணீரோ எதுவானாலும், தரைத் தொட்டிக்கு வந்தோ நேராகவோ மோட்டார் மூலம் மாடி டேங்குக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. எனவே ஷவரில் கிடைக்கும் அழுத்தம் முழுவதும், டேங்கில் நிற்கும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையே உள்ள உயரத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 33 அடி உயரம் இருந்தால் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும்.

இதை உங்கள் வீட்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். மேல்தளத்தில் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஷவர் இருக்கிறது, கூரையின் அடிப்பாகம் பத்தடி, கான்கிரீட் அரையடி, டேங்கின் மேடை இரண்டடி, டேங்கில் இரண்டடித் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஷவருக்கு மேலே நிற்கும் உயரம் மொத்தம் ஏழரை அடிதான். அதாவது 0.22 பார். அதே வரிசையில் கீழ்த்தளத்தில் உள்ள ஷவருக்குப் பதினெட்டு அடி, அதாவது 0.54 பார் கிடைக்கும். கீழ் வீட்டுக்காரர் தமக்கு நன்றாக வருகிறது என்று சொல்வதும், மாடி வீட்டுக்காரர் வரவில்லை என்று சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

கடைகளில் அழகாகத் தொங்கும் அகன்ற மழை ஷவர்களில் பல, ஒரு பார் அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. 0.22 பார் உள்ள மாடியில் அவற்றை மாட்டினால் நூற்றுக்கணக்கான துளைகளில் நடுவிலிருக்கும் சில துளைகளில் மட்டும் தண்ணீர் ஒழுகும். மாடிப் போர்ஷனுக்கு மூன்று அல்லது நான்கு அங்குல அகலமும், சற்றே பெரிய துளைகளும் உள்ள சாதாரண ஷவரே ஏற்றது. வாங்கும்போது குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்று கேட்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முதல் வேலை: அளந்து பார்ப்பது

பத்து லிட்டர் பக்கெட் ஒன்றும், நேரம் பார்க்கக் கைப்பேசியும் போதும். டேங்க் நிறைந்திருக்கும் காலை வேளையில், வீட்டில் வேறு குழாய் எதுவும் திறந்திராத நேரத்தில், குளிர்நீரை மட்டும் முழுதாகத் திறந்து ஷவரின் கீழே பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர். அது தாராளமான குளியல். ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைந்தாலும் குறையில்லை. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்குச் சீயக்காய் போகாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றே கொள்ளலாம்.

இதே அளவை வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து ஒருமுறையும், கீழ்க்குழாயில் ஒருமுறையும், டேங்கில் தண்ணீர் குறைந்திருக்கும் மாலையில் ஒருமுறையும் எடுத்து, நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழ்க்குழாய் ஷவரைவிட நான்கைந்து அடி தாழ்வாக இருப்பதால் அதில் கொஞ்சம் கூடுதலாக வருவது இயல்பு. இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வந்தால் அது இயல்பல்ல. காலையில் நன்றாக வந்து மாலையில் குறைந்தால் உயரம் போதவில்லை என்று பொருள். எந்த நேரத்திலும் ஒரே மாதிரி மோசமாக வந்தால் அடைப்பைத் தேட வேண்டும். காலை ஆறரை மணிக்கு மட்டும் மோசம், பத்து மணிக்கு நன்றாக வருகிறது என்றால், ஒரே இறக்கு குழாயிலிருந்து மூன்று போர்ஷன்களுக்குக் கிளை பிரித்திருக்கிறார்கள்; எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கிறீர்கள். அதற்கு உங்கள் போர்ஷனுக்கென்று டேங்கிலிருந்து தனிக்குழாய் இறக்குவதே தீர்வு.

ஷவர் தலையைக் கழற்றுதல்

பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேயே முடிந்துவிடுகிறது. பாறைப்பாங்கான இந்த வட்டாரத்தில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். உங்கள் போர்த் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது என்று அறிய விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். பரிசோதிக்காமலேயே ஓரளவு தெரிந்துகொள்ளவும் வழி உண்டு: பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளை வளையம் படிந்திருந்தால், ஷவருக்குள்ளும் அதுவே படிந்திருக்கும்.

ஷவர் தலையை வெறும் கையால் இடப்பக்கமாகத் திருகுங்கள். அசையாவிட்டால் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்பானரால் மெதுவாகத் திருகுங்கள். துணியில்லாமல் திருகினால் மேல்பூச்சு கீறிவிடும். சுவரிலிருந்து வரும் கைக்குழாயை மறுகையால் இறுகப் பிடித்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போவில் (வளைவு இணைப்பில்) விரிசல் விழுந்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

கழற்றியவுடன் சுத்தம் செய்ய ஓடாதீர்கள். ஷவர் இல்லாத வெறும் கைக்குழாயில் தண்ணீரைத் திறந்து, பக்கெட்டை மறுபடி அளவெடுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வழக்கைத் தீர்த்துவிடும். வெறுங்குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தால் குற்றம் ஷவரில்தான். வெறுங்குழாயிலும் அதே நூல்தான் என்றால் ஷவர் நிரபராதி. பின்னால் போய்த் தேட வேண்டும்.

இப்போது ஷவரின் வாய்க்குள் பாருங்கள். நான் கழற்றிய ஷவரில் ரப்பர் வாஷருக்கு அடியில் சிறு நாணயம் அளவுக்கு ஒரு சல்லடை இருந்தது. அதன் மேல் போர்மணல் ஒரு சிட்டிகை, குழாய் அறுத்தபோது விழுந்த சுருள் பிளாஸ்டிக் துருவல், பிய்ந்த டெஃப்லான் டேப்பின் வெள்ளை நார், இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டியதுபோல் பழுப்பேறிய சுண்ணாம்புப் பொருக்கு. விரலால் நெருடினால் முட்டை ஓடுபோல் உடைந்தது. சல்லடையை ஊசியால் நெம்பி எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். சில ஷவர்களில் சல்லடைக்குப் பின்னால் நடுவில் சிறு துளையுள்ள பிளாஸ்டிக் வில்லை ஒன்றும் இருக்கும். அது தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக வைக்கப்பட்டது. அதிக அழுத்தம் உள்ள வீடுகளுக்கு அது தேவை. ஏழரை அடி உயரத்தில் இறங்கும் தண்ணீருக்கு அது தேவையில்லை என்பதால் எடுத்துவிடலாம்.

துளைகளில் படிந்த உப்பைக் கரைக்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கலந்து, அல்லது சமையல் வினிகரை அப்படியே ஊற்றி, ஷவரை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சிறு குமிழிகள் எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு துளைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தித் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது பளபளப்புப் பூச்சை அரித்துவிடும் என்பதோடு, அருகில் பிளீச்சிங் பவுடர் இருந்து இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்; சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

திருப்பி மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை வலப்பக்கமாக, திருகும் திசையிலேயே, ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். முனையைத் தாண்டி டேப் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நார்தான் பிறகு பிய்ந்து சல்லடையில் உட்காரும்.

குளிர்நீர் நன்றாக வருகிறது, வெந்நீர் மட்டும் வரவில்லை என்றால்

அப்படியானால் மாடிக்கு ஏற வேண்டாம், கீசரைப் பாருங்கள். தொடுவதற்கு முன் கீசரின் சுவிட்சை மட்டுமல்ல, மின்பலகையில் அதற்கான எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சையும் அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெந்நீர் ஆறும்வரை காத்திருங்கள். ஈரக் கையோடு எதையும் செய்யாதீர்கள்.

முதலில், கீசருக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக் (தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வு) முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடித்தவரோ டைல்ஸ் போட்டவரோ பாதி மூடிவிட்டுப் போயிருப்பது அடிக்கடி நடப்பது. அடுத்து, அந்த வால்வையும் கீசரையும் இணைக்கும் வளையும் குழாய்கள் இரண்டையும் தடவிப் பாருங்கள். எங்காவது மடங்கியிருந்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். மடங்காவிட்டாலும், வெளியே கட்டைவிரல் தடிமனாகத் தெரியும் அந்தக் குழாயின் உள்வழி மிகக் குறுகலானது. அதன் நுனியில் உள்ள ரப்பர் வாஷர் வெந்நீரில் உப்பி வழியை மறைத்துக்கொள்ளும். இரண்டாண்டு ஆகியிருந்தால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. அதற்கும் அடுத்து, குளிர்நீர் நுழையும் வாயில் திருகியிருக்கும் ஒருவழி வால்வு. தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பதும், அழுத்தம் மீறினால் வெளியேற்றுவதும் அதன் வேலை. உப்பு படிந்து அது பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொள்ளும். பழுதானால் அதே வகையில் புதியது போடுங்கள். "இது இல்லாமலே ஓடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; அது இல்லாத கீசர் ஒரு நாள் வெடிக்கலாம்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வெந்நீர் வரவில்லை என்றால், கீசரின் தொட்டிக்குள்ளேயே சுண்ணாம்பு கட்டியிருக்கிறது. தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது இந்தப் படிவு வேகமாக விழும். தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரியில் வைத்திருந்தால் மெதுவாக விழும். உள்ளே திறந்து சுத்தம் செய்வதைச் சேவை மையத்தாரிடம் விட்டுவிடுங்கள். அப்போதே, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பி கரைந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வெந்நீர்க் குழாயில் காற்று சீறுவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை மின்சாரத்தைப் போடக் கூடாது; காலித் தொட்டியில் சூடேற்றும் கம்பி சூடேறினால் எரிந்துவிடும்.

மூன்று லிட்டர் உடனடி கீசர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். 3 கிலோவாட் கம்பி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 43 டிகிரி உயர்த்தும்; மூன்று லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான் உயர்த்தும். எனவே தொடர்ந்து வெந்நீர் வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைவாகவே விட முடியும். இதைக் குழாய்க் கோளாறு என்று எண்ணிச் சுவரை உடைத்தவர்களை நான் அறிவேன். ஷவரில் குளிப்பவர்களுக்கு 15 அல்லது 25 லிட்டர் கொள்ளும் கீசரே பொருந்தும்.

காஸ் கீசர் வேறு வகை. தண்ணீர் ஓட்டத்தின் அழுத்தம் உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டைத் தள்ளினால்தான் அது பற்றவைக்கும். மேல்தளத்தின் குறைந்த அழுத்தத்தில் அந்தத் தகடு நகராமல், அடுப்பு பற்றாமலே போகும், அல்லது பற்றிப் பற்றி அணையும். நுழைவாயில் சல்லடையைக் கழுவிப் பாருங்கள். அப்போதும் பற்றாவிட்டால் அந்த உயரத்துக்கு அது பொருந்தாது. எந்த நிலையிலும் காஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தேங்கிக் குளிப்பவர் அங்கேயே மயங்கி இறந்த சம்பவங்கள் நம் நாட்டில் பல உண்டு. அது காற்றோட்டமான வெளிப்புறச் சுவரில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் வரவில்லை என்றால்

வெறுங்குழாயில் குளிர்நீரும் வெந்நீரும் குறைவாக வந்து, கீழ்க்குழாயில் மட்டும் இரண்டும் நன்றாக வந்தால், கீழ்க்குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணீரைப் பிரித்துவிடும் டைவர்ட்டரில் கோளாறு. குளிர்நீரையும் வெந்நீரையும் கலந்து விடும் பழைய சுவர்க் குழாயில் (வால் மிக்ஸர்) நடுக்குமிழைத் திருகும்போது முழுச் சுற்று சுற்றாமல் பாதியில் நின்றால், உள்ளே வாஷர் சுருண்டிருக்கிறது. முழு மிக்ஸரையும் மாற்ற வேண்டியதில்லை. உள்ளிருக்கும் தண்டை மட்டும் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் கேட்டு வாங்கினால் போதும். கையில் மாதிரி இல்லாமல் போனால் இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனத்தின் மரையும் வேறு.

கீழ்க்குழாயிலும் சமையலறையிலும்கூடக் குறைவாக வந்தால் மொட்டை மாடிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. வேலூர் வெயிலில் பகலில் போகாதீர்கள். காலையில் ஏழு மணிக்குள் போங்கள். டேங்கிலிருந்து வெளியேறும் குழாயைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு வால்வையும் கையால் தொட்டுப் பாருங்கள். பால் வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் முழுதாகத் திறந்திருக்கிறது. சற்றே சாய்ந்திருந்தாலும் வழி குறைந்திருக்கிறது. சக்கரமுள்ள கேட் வால்வு என்றால் மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். ஒரு இடத்தில் இறுகி நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் என் வீட்டில் நடந்ததேதான். மாற்றும்போது உள்வழி குழாயின் முழு அகலத்துக்கும் திறந்திருக்கும் பால் வால்வாகக் கேளுங்கள்.

அடுத்து டேங்கின் உள்ளே. வெளியேறும் துளை டேங்கின் அடிமட்டத்திலிருந்து ஓரிரு அங்குலம் மேலே இருக்கும். அந்த அளவுக்கு மண்டி சேர்ந்துவிட்டால் அதுவும் தண்ணீரோடு குழாய்க்குள் இறங்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது டேங்கைக் கழுவ வேண்டும். கழுவும்போது வெளியேறும் துளையை ஒரு துணிப்பந்தால் அடைத்துக்கொள்ளுங்கள், கழுவி முடித்ததும் அதை எடுக்க மறக்காதீர்கள். மணல் தடுக்க வடிகட்டி போட விரும்புபவர்கள் மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறும் குழாயில் போடுங்கள். அங்கே மோட்டாரின் வலு தண்ணீரைத் தள்ளிவிடும். டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் போட்டால் இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் அந்த வடிகட்டியே தின்றுவிடும். கடின நீரை மென்மையாக்கும் சாதனத்துக்கும் இதுவே விதி.

டேங்க் ஒருமுறை முழுதாகக் காலியாகி மறுபடி நிறைந்த பிறகுதான் ஷவர் நின்றது என்றால், குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. மாடியில் குழாய் ஏறி இறங்கும் இடங்களில் காற்று சிக்கும். வீட்டின் மிகத் தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சீறிச் சீறிக் காற்று வெளியேறிப் பிறகு சீராகும். அடிக்கடி இப்படி ஆனால், டேங்கை விட்டு வெளியேறும் இடத்திலேயே டேங்கின் உச்சிக்கு மேல் உயரும் காற்றுக்குழாய் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம், கொசப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இரும்புக் குழாய் ஓடுவதுண்டு. அதன் உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து, ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பதுபோல வழி சுருங்கியிருக்கும். உள்வழி பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். குறுக்குப் பரப்பு கால் பங்காகிவிடும், உராய்வும் சேர்ந்துகொள்ளும். தட்டியும் ஊதியும் பயனில்லை. புதிய குழாய் போட வேண்டியதுதான், அதுவும் டேங்கிலிருந்து ஒரு அங்குலத்தில் இறக்கி, குளியலறைக்கு முக்கால் அங்குலத்தில் பிரித்து, கடைசி முனையில் மட்டும் அரை அங்குலமாக்குவது நல்லது. வெந்நீருக்கு வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி. குழாயையே கேளுங்கள்.

டேங்கை உயர்த்துவதா, பம்ப் வைப்பதா?

அடைப்பு எங்கும் இல்லை, உயரம்தான் குறை என்று உறுதியான பிறகே இந்தக் கேள்விக்கு வர வேண்டும். ஏழரை அடியை இன்னும் மூன்றடி உயர்த்தினால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் கூடும். உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே ஓட்டம் உயரும். கேட்க நன்றாக இருந்தாலும், ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன் எடை. டேங்க் மேடையின் தூண்கள் பீமின் மேல் நிற்கின்றனவா, வெறும் கூரையின் மேல் நிற்கின்றனவா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் செங்கல் அடுக்கக் கூடாது.

பிரஷர் பம்பை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் தளத்தில் டேங்க் கூரையோடு ஒட்டி இருக்கும் வீட்டுக்கு அதுவே வழி. குழாய் திறந்தால் தானே ஓடி, மூடினால் தானே நிற்கும் வகை சிறந்தது. அதை டேங்கின் வெளிக்குழாயில் வைத்து, பக்கத்திலேயே ஒருவழி வால்வுடன் மாற்றுப்பாதை ஒன்றும் விடச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாதபோதும் தண்ணீர் இயல்பாக இறங்கும். குளிர்நீருக்கு மட்டும் பம்ப் வைத்தால் அது கலக்கும் இடத்தில் வெந்நீரைத் தள்ளி நிறுத்திவிடும் என்பதால், கீசருக்குப் போகும் கிளையும் பம்புக்குப் பின்னாலேயே பிரிய வேண்டும். கீசர் தாங்கும் அழுத்தத்தை அதன் பெயர்ப்பலகையில் படித்துவிட்டுப் பம்பைத் தேர்ந்தெடுங்கள். மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. தெருவில் மற்றவர்களுக்கு வர வேண்டிய தண்ணீரைப் பறிப்பதும்கூட. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் விடும் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 150 லிட்டர் போகும். மூன்று பேர் குளித்தால் ஐந்நூறு லிட்டர் டேங்க் ஏறக்குறைய காலி. பாலாறு மணலாகக் கிடக்கும் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதற்கு இடமில்லை.

வாடகை வீட்டில் ஷவரையும் வளையும் குழாயையும் மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்து, காலி செய்யும்போது மாட்டிக்கொடுங்கள். வால்வு, டேங்க், சுவருக்குள் ஓடும் குழாய் இவற்றில் கைவைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் அளவெடுத்த தாளைக் காட்டிப் பேசுங்கள். "தண்ணி சரியா வரல" என்று சொல்வதைவிட, "கீழ் போர்ஷன்ல ஒரு நிமிஷத்துல நிறையற பக்கெட் எங்களுக்கு மூணே முக்கால் நிமிஷம் ஆகுதுங்க" என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.

பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு

வேலூரிலிருந்து செவிலியர் பணிக்கும் படிப்புக்கும் பிரிட்டனுக்குப் போனவர்கள் அங்கிருந்தும் இதே குறையைச் சொல்கிறார்கள். அங்கே பல வீடுகளில் காம்பி பாய்லர் என்ற சாதனம் இருக்கிறது. மாடி டேங்க் கிடையாது. தெருக்குழாய்த் தண்ணீரே நேராக உள்ளே வந்து, காஸ் நெருப்பில் ஓடும்போதே சூடாகி ஷவருக்குப் போகிறது. ஆகவே உயரக் கணக்கு அங்கே உதவாது. பாய்லரின் வலுக்கணக்குதான் உதவும். 24 கிலோவாட் பாய்லர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். குளிர்காலத்தில் உள்ளே வரும் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பதால், அதே சூட்டில் குளிக்க ஓட்டத்தைக் குறைத்தாக வேண்டும்.

தேடும் முறை மட்டும் இங்கும் அங்கும் ஒன்றே. ஷவர் தலையின் உப்பு, வெறுங்குழாய்ச் சோதனை, குளிர்நீரையும் வெந்நீரையும் ஒப்பிடுவது, வீட்டுக்குள் நுழையும் முதன்மை வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றைக் குடியிருப்பவரே செய்யலாம். வெந்நீர் மட்டும் குறைந்தால் பாய்லரின் நுழைவாயில் சல்லடையோ, உள்ளிருக்கும் வெப்பமாற்றித் தகடுகளோ அடைத்திருக்கலாம். பாய்லரின் காஸ் பகுதியைத் திறக்க காஸ் சேஃப் பதிவு பெற்றவருக்கே அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது என்பதால் வீட்டுக்காரர் மூலம் அவரை அழையுங்கள். தெருக்குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்பை, தண்ணீர் நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் அங்கே பொருத்தக் கூடாது.

எந்த ஊரானாலும், சரிசெய்து முடித்த அன்றே பக்கெட்டை மறுபடி பிடித்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்பதை மாதக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். என் வீட்டில் கேட் வால்வை மாற்றிய அன்று அது எழுபது விநாடி. ஆறு மாதம் கழித்து எண்பத்தைந்து ஆனபோது சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். மறுபடி எழுபதுக்கு வந்தது.